இருபத்தெட்டு மணி நேரத்து நாள்

நவம்பர் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. ஏழு நிமிடம் தூறிவிட்டு நின்றிருந்தது. அப்போதுதான் நான் என் மருமகளின் ஆராய்ச்சிக் கேள்வித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மருமகள் கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பனியன் கம்பெனிகளில் தைக்கும் பெண்களுக்கு ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். அங்கே ஆய்வு மாணவர்களுக்கென்று ஓர் உதவி மையம் உண்டு. மாதம் ஒரு செய்தி மடல் அனுப்புவார்கள். எந்தப் படிவத்துக்கு எது கடைசி நாள், யாருடைய உதவித்தொகை வந்தது, யாருடையது வரவில்லை என்றெல்லாம் அதில் இருக்கும். மருமகள் அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். இதுவரை பதினான்கு மடல்கள். பதினான்கையும் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மாத மடலின் கடைசிப் பத்தியில், வீட்டில் இருப்பவர்கள் ஆய்வாளரின் சிறு சிறு வேலைகளுக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டில் இருப்பவன் என்றால் எங்கள் வீட்டில் நான்தான். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் ஷிப்மென்ட் வேலை. மனைவியும் மருமகளும் பொங்கலூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம். மெஷினில் எத்தனை மணி நேரம், சமையலுக்கு எத்தனை, பிள்ளைகளுக்கு எத்தனை, தூக்கத்துக்கு எத்தனை என்று அந்தப் பெண்களே தங்கள் கையால் எழுதியிருந்தார்கள். நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டாமல் எனக்கு எந்த எண்ணையும் பார்க்க வராது. நாற்பத்தேழாம் எண் தாளில் மெஷின் பன்னிரண்டு, போக்குவரத்து இரண்டு, சமையல் மூன்று, பிள்ளைகள் இரண்டு, துணி துவைத்து வீடு கூட்டுவது இரண்டு, போன் ஒன்று, தூக்கம் ஆறு. கூட்டினால் இருபத்தெட்டு.

ஒரு நாளில் இருபத்தெட்டு மணி நேரம். எனக்கு வேர்த்துவிட்டது. இதை அப்படியே பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் என் மருமகளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

எல்லாவற்றையும் கூட்டி முடித்தேன். சரியாக இருபத்துநான்கு வந்தவை ஐம்பத்தெட்டு. குறைவாக வந்தவை பதினொன்று. கூடுதலாக வந்தவை நூற்று நாற்பத்து மூன்று.

நான் முப்பத்தொரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவன். அளவு தவறிய பீஸைக் கண்டால் அப்படியே பெட்டிக்குள் விடக்கூடாது. தையலுக்குத் திருப்பி அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். ஆல்டர் என்போம். ஆல்டருக்குப் போகாமல் ஒரு பீஸ் கப்பல் ஏறினாலும் முழு ஆர்டரும் திரும்பி வந்துவிடும். அந்தப் பயம் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் போகவில்லை.

கடைக்குப் போய், எழுதியதை மறைக்கும் வெள்ளை மை இரண்டு புட்டி வாங்கி வந்தேன். நீலப் பேனா வீட்டிலேயே இருந்தது. நாற்பத்தேழாம் எண்ணில் சமையலை மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன். ஒரு சோறு ஒரு குழம்புக்கு ஒரு மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். பிள்ளைகளை ஒன்றாக்கினேன். போனை அடியோடு எடுத்தேன். இருபத்துநான்கு. சாப்பிடக்கூட எழாமல் ஐந்து மணிக்குள் நூற்று ஐம்பத்து நான்கு தாள்களையும் ஆல்டர் பார்த்து முடித்தேன். அவர்களுடைய கையெழுத்துச் சாய்வுக்குத் தகுந்தபடி என் எழுத்தையும் சாய்த்திருந்தேன். நல்ல வேலை.

ஐந்து நாற்பதுக்கு மனைவியும் மருமகளும் வந்தார்கள். மருமகள் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, எத்தன தாளுல கை வெச்சீங்க?"

"நூத்தி அம்பத்தி நாலு கண்ணு. இப்ப எல்லாமே கரெக்டா இருபத்தி நாலு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"அந்த இருபத்தி எட்டுதானுங்க மாமா என்னோட ஆராய்ச்சியே."

பிறகு விளக்கினாள். ஒரு பெண் குழம்பைக் கிண்டிக்கொண்டே பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாள். அதே ஒரு மணி நேரம் சமையலிலும் ஏறும், பிள்ளையிலும் ஏறும். இருபத்துநான்குக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவு நேரம் அவர்கள் இரட்டை வேலை செய்கிறார்கள். அதை அளக்கத்தான் எட்டு மாதம் கம்பெனி கம்பெனியாக அலைந்திருக்கிறாள். நான் ஒரே பகலில் அதைத் துடைத்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும். பிள்ளை பிறந்தபோதே ஒரு கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த முறை இருநூறு தாளாவது காட்டாவிட்டால் அடுத்த நீட்டிப்பும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. மூன்று வருடப் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

கையில் இருப்பவை ஐம்பத்தெட்டு. மிச்சம் பத்தொன்பது நாள்.

என் மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சோறாக்க ஒரு மணி நேரம் போதும்னு எழுதுனீங்களாமா?"

"ஒரு கணக்குக்கு எழுதுனது."

"சரிங்க. நானும் நாளைக்கு அந்தக் கணக்குலயே ஆக்கறேன்."

மறுநாள் மதியம் எனக்குச் சோறும் மோரும் வந்தன. ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஆனது என்றாள். ஊறுகாய்க்கு நேரம் போதவில்லையாம்.

மருமகள் உதவி மையத்துக்குப் போன் செய்தாள். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"மழைல நனஞ்சிருக்கு, ஆடு தின்னுருக்கு. அதுக்கெல்லாம் எங்ககிட்ட படிவம் இருக்குதுங்க. மாமனார் திருத்துனதுக்கு இல்லீங்க."

இருந்தாலும் வழி சொன்னார். நடந்ததை மறைக்காமல் ஆய்வு நெறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். திருத்திய தாள்களைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். அதே பெண்களிடம் மறுபடி கேட்டுத் தேதி போட வேண்டும். திருத்தியவர் தன் கைப்பட ஒரு கடிதம் தர வேண்டும். நான் மூன்று பக்கம் எழுதினேன். அரைப் பக்கம் போதும் என்று நெறியாளர் திருப்பி அனுப்பினார். என் கடிதமே ஆல்டருக்கு வந்தது.

மறுநாளிலிருந்து மருமகளோடு நானும் கிளம்பினேன். தாளையோ பேனாவையோ தொடக்கூடாது, தேநீரும் பன்னும் கொடுப்பது மட்டும் என் வேலை என்பது நிபந்தனை. வீரபாண்டியில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே பத்தரை மணி டீ இடைவேளைக்கு நின்றோம். பதினைந்து நிமிட இடைவேளை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரைப் பிடிப்பதே பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசிபாளையம் ரோட்டில் இருக்கும் விடுதிக்குப் போனோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் ஒன்பது பேர் திரும்பியே வரவில்லை. அந்த ஒன்பதை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகள்தான், "இருநூறுக்கு மேல வந்துரும் மாமா, பன்னு பையத் தூக்குங்க" என்றாள்.

நான்காம் நாள் நாற்பத்தேழாம் எண் கிடைத்தாள். முப்பது வயது இருக்கும். தெற்கத்திப் பேச்சு. மருமகள் நடந்ததைச் சொன்னாள். அவள் பன்னை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் போனைப் புடுங்குன ஆளு நீங்கதானா ஐயா?"

"ஒரு மணி நேரம் போன் எதுக்குன்னு நெனச்சிட்டனுங்க."

"எங்க அம்மாட்டப் பேசுறது. காதுல மாட்டிக்கிட்டுத் துணி துவைப்பேன். அம்மாவும் அந்தப் பக்கம் வெங்காயம் உரிப்பாக."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை.

"உங்க நாளுக்கு எத்தன மணி நேரம்? சொல்லுங்க, கூட்டுவோம்."

தூக்கம் எட்டு, பேப்பர் இரண்டு, சாப்பாடு ஒன்றரை, குளியலும் பூஜையும் ஒன்று, நடை ஒன்று, கேட் பூட்டியிருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்ப்பது அரை. சொல்லச் சொல்ல அவள் விரல் விட்டு எண்ணினாள். பதினான்கு வந்தது.

"மிச்சம் பத்து மணி நேரம் என்ன பண்ணுவீக?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வரவில்லை.

"கவலப்படறதுங்க."

"அதுக்குன்னு தனியா உக்காருவீகளாக்கும்? நாங்கெல்லாம் தச்சுக்கிட்டேதான் ஐயா கவலப்படுதோம்." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருமகள் அதையும் குறித்துக்கொண்டாள். கவலை என்று ஒரு கட்டம் விட்டுப்போயிற்றே என்று வருத்தப்பட்டாள்.

இருபத்தாறாம் தேதி மாலையோடு நூற்று நாற்பத்தைந்து பேரையும் கேட்டு முடித்தோம். பழைய ஐம்பத்தெட்டோடு சேர்த்து இருநூற்று மூன்று. இந்த முறை நான் எதையும் கூட்டவில்லை. கை அரித்தது, பையைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் தேதி நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். குழு என்னிடம் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவள் ஐம்பத்து மூன்று நிமிடம் வரவில்லை. நடுவில் உள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வேறு. என் உயிர் போய் வந்தது.

வெளியே வந்தபோது அவள் முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

"நீட்டிப்பு குடுத்துட்டாங்க மாமா. உதவித்தொகையும் நிக்காது."

"என்னையப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நூத்திச் சொச்சம் தாளுல எதுக்கு ரெண்டாவது தேதின்னாங்க. உங்க லெட்டரக் குடுத்தேன். படிச்சுட்டு, அவரு இப்ப எங்க இருக்காருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வெளிய உக்காந்திருக்காருங்கன்னேன்."

"அதுக்கு?"

"அங்கயே இருக்கட்டும்னாங்க."

தேநீர், பன், ஜெராக்ஸ், பஸ், வெள்ளை மை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்து நானூற்று எண்பத்தாறு ரூபாய்.