உபசேனவின் வேன் விளக்குகள்

பாணந்துறையில் காலி வீதியோரம், வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்துக்கு எதிரே, ஒரு கொட்டம்பா மரத்தடியில்தான் சோமலதாவின் பிழைப்பு. கடல் காற்றும் வெயிலும் தின்று மஞ்சளித்துப்போன கார் விளக்குகளைத் தேய்த்துத் தெளிய வைப்பாள். வெளிநாட்டிலிருந்து வண்டி வருவது நின்றுபோன வருடங்களில் ஊரில் ஓடியதெல்லாம் கிழட்டு வண்டிகள். வேலைக்குக் குறைவில்லை, உடம்புதான் பேச்சுக் கேட்க மறுத்தது.

விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்து, முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் மெல்லியது, அதைவிட மெல்லியது. பால் போல வெள்ளை நீர் வழியும். பிறகு பாலிஷ். கடைசியில் மேலே ஒரு பூச்சு பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் பழையபடி மஞ்சள். "பூச்சு வேணாம் அக்கா, சும்மா தேய்ச்சு விடு" என்பவர்கள்தான் அதிகம். சண்டைக்கு வருபவர்களும் அவர்களேதான்.

"பல்லு விளக்குற பேஸ்ட்ட வச்சா தேய்ச்ச?" என்றான் ஒருவன்.

"ஆமா. நீ விளக்காம மிச்சம் வச்சத."

வாய்தான் அப்படி. இரவு தலை வாரக் கை தூக்கினால் தோள் விண்ணென்று தெறிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் புருஷன் உபசேன வேறு. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களை விடியுமுன் ஏற்றிப்போய், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து விடும் வேன் அவனுடையது. விளக்கு மங்கிவிட்டது என்றான். தேய்த்துப் பூச்சும் பூசிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் மறுபடி மங்கல் என்றான். பூச்சை உரித்துவிட்டு முதலிலிருந்து தேய்த்தாள். பல்பையும் மாற்றினார்கள். அப்புறமும் அதே பாட்டு.

"ஊருக்கெல்லாம் பளபளன்னு தேய்ச்சுக் குடுக்குற. சொந்த வேனுன்னா மட்டும் கை நோகுதா?"

முற்றத்தில் குந்தியிருந்து பார்த்தாள். கிணற்று நீர் போலத் தெளிவாக இருந்தது விளக்கு. "இன்னும் தேய்ச்சா ஓட்டைதான் விழும்" என்று எழுந்து போனாள்.

ஒரு மாலை தோள்வலி தாங்காமல், திரும்பி வரும் வேனை வழியில் நிறுத்தி முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பண்டாரகமைப் பக்கம் ரப்பர் மரங்களுக்குள் பாதை நுழைந்ததும் உபசேன ஸ்டியரிங் மேல் குனிந்து கண்ணை இடுக்கினான்.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல."

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நனைந்த தார், மதகின் வெள்ளைக் கட்டை, இடதோரம் பலாப்பழத்தைக் கட்டிச் சைக்கிளைத் தள்ளிப்போகும் மனிதர். வேன் அவரை நோக்கியே போய்க்கொண்டிருந்தது.

"ஆளு! இடது பக்கம் ஆளு!"

உபசேன ஸ்டியரிங்கை ஒடித்தான். பலாப்பழம் உருண்டது. சைக்கிள்காரர் முழங்கால் அளவு சாக்கடையில் நின்றபடி அவன் ஏழு தலைமுறையையும் திட்டினார். நல்லவேளை, காயமில்லை.

"லைட்டு சரியில்ல" என்றான் உபசேன.

பின்னால் இருந்த தில்ருக்ஷி என்ற பெண் சோமலதாவின் தோளருகே குனிந்தாள். "தினமும் நாங்க இப்படித்தான் கத்துறோம் அத்தை. மாமா மனசு நோகும்னுதான் ஒங்ககிட்ட சொல்லல."

வீடு வரும்வரை சோமலதா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் விடியுமுன் அவன் சாவியைத் தேடினான். அது அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

"சாவியக் குடு."

"தர மாட்டேன்."

"அந்தப் பிள்ளைங்க வேலைக்கு எப்படிப் போகும்?"

"பஸ்ல போகட்டும். உயிரோட போகட்டும்."

கத்துவான் என்று நினைத்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு, லதா. போன வெசாக் பண்டிகைக்கு முன்னாடியிருந்தே."

"அப்புறம் ஏன் என்னைப் போட்டுத் தேய்க்க வச்சீங்க?"

"ஒவ்வொரு தடவையும் லைட்டுதான் கோளாறுன்னு நெனச்சேன். நம்பி நம்பித்தான் கேட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து. வேனை இப்போது தில்ருக்ஷியின் அண்ணன் ஓட்டுகிறான். உபசேன காலையில் மனைவியோடு மரத்தடிக்கு வந்து வாளித் தண்ணீர் மாற்றுகிறான், வண்டிக்காரர்களிடம் பூச்சு பூசச் சொல்லி மல்லுக்கட்டுகிறான். அவள் பேச்சைக் கேட்காதவர்கள் சிலர் அவன் பேச்சைக் கேட்கிறார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் சோறும் பருப்பும் ஆனபின் அவனை நாற்காலியில் அண்ணாந்து இருக்கச் செய்து சொட்டு விடுவாள். பகலெல்லாம் தேய்த்த கை ஒரு நிலையில் நிற்காது. முதல் சொட்டு கன்னத்தில் விழும்.

"கையக் கழுவினியா? எரியுது."

"கழுவினேன். மருந்துன்னா எரியத்தான் செய்யும். ஆடாம இருங்க."

இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மருந்தை மூடி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள், எழுந்து பாய் விரிக்க வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள்.