தலைகீழாகத் தொங்கிய மீன்

நம்பினால் நம்புங்கள். அமெரிக்காவின் டுலூத் நகரில், எங்கள் ஆய்வகத்தின் இருட்டறையில், பட்டப்பகலில், என் கண்ணால் பார்த்தது இது.

அன்று வெண்டலுக்கு இதய ஆபரேஷன். பல வருடமாக எனக்குப் பக்கத்து மேசைக்காரன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தன் கடைசி மீன்குஞ்சை என்னிடம் ஒப்படைத்தான். ஃபார்மலினில் ஒரு வாரம் ஊறிய, செத்த குஞ்சு. பச்சையாக ஒளிரும் அதன் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் படம் பிடிக்க வேண்டும்.

"கூழைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி அவிச்சுடாத, கெர்டா. கன்னத்துல வச்சுப் பாரு. தலை மேல இருக்கணும்."

மீனைப் பதிக்கும் அகர் என்ற கடற்பாசிக் கூழ் ஆறிவிட்டதா என்று புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மீனோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்தேன். உறைந்ததும் மெல்லத் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். தலை கீழே. எனக்கு அதுதான் பழக்கம். சண்டை போட அவன்தான் அங்கே இல்லையே.

லேசரைப் போட்டேன். தாள் போல மெல்லிய நீல ஒளி மீனைக் குறுக்கே வெட்டியது.

திரையில் தலை மேலே இருந்தது.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. உறைந்த கூழுக்குள் செத்த மீன் எப்படித் திரும்பும்?

இதயத்தைப் பெரிதாக்கினேன்...

துடித்தது.

லப்... டப்... பிறகு மெதுவாக. இன்னும் மெதுவாக...

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் நடக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

மணி 1.52.

நின்றது.

"வெண்டல்..."

திரையைத் தட்டினேன். அழுதேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்? பார்க்கச் சகிக்காமல் லேசரை அணைத்தேன்.

வெண்டல் பிழைத்துக்கொண்டான். அடுத்த வாரம் பார்க்கப் போனேன். 1.52க்கு இதயம் நின்று, மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி துடித்தது என்றாள் அவன் மனைவி லோர்னா. அவள் காபி வாங்க வெளியே போனதும் என் கையைப் பிடித்தான்.

"தலைகீழா தொங்கவிட்ட, போகட்டும். உள்ள இருந்து கத்துறேன், நீ பாட்டுக்கு அழுதுட்டே இருக்க. லைட்ட ஏன் அணைச்ச?"

நடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் குழாய் இன்னும் ஆய்வக ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தூக்கிப்போடப் பயம். கரண்ட் போனால் முதலில் வெண்டலுக்குத்தான் போன் போடுகிறேன்.