சாம்பிராணிப் புகை

கடலூரில் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில், காற்று மாசை அளப்பதற்காக ஒரு வீட்டு ஜன்னலில் சிறு கருவி ஒன்றை மாட்டியிருந்தேன். ஒரு வாரம் கழித்து அதைக் கழற்றிச் சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்தில் சோதித்தால், படிந்திருந்ததெல்லாம் வெறும் சாம்பிராணிப் புகை. எரிச்சலோடு மறுபடியும் கடலூருக்கு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டு அக்கா எதையும் மறைக்கவில்லை.

"சாயங்காலமானா அழுகுன முட்ட மாதிரி நாத்தம் கெளம்பும் சார். வாயில சோறு எறங்காது. அதான் சாம்பிராணி போடுறேன். நீங்க மாட்டுன மிஷினுக்கும் நல்லா காட்டுனேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு என் ஆராய்ச்சி நடந்தாக வேண்டும். கருவியை மறுபடி மாட்டிவிட்டு, "இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் போடாதீங்கக்கா" என்றேன்.

"செரி சார், போடல. அதுக்கப்புறம் நாத்தம் நின்னுடுமா?"

"ரிப்போர்ட் அனுப்புவோம்" என்றேன். அதைப் படிக்கப்போகிறவர்கள் யாரும் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அளவுகள் சாம்பிராணி கலக்காமல் வந்தன, ரிப்போர்ட்டும் போனது. நாற்றம் இன்றும் அடிக்கிறது. அந்தத் தெருவில் என்னால் நிறுத்த முடிந்தது அந்தச் சாம்பிராணியை மட்டும்தான்.