இரண்டு விரல் இடைவெளி

செம்பூரில் நான் தங்கியிருக்கும் அறையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் சைக்கிள் மட்கார்டு ஒன்று தொங்குகிறது. முன் சக்கரத்துக்குரியது. மெல்லிய அலுமினியம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். சாம்பார்க் கரண்டியின் காம்பை உள்ளே விட்டு நெம்பியதில் வந்த மடங்கல். இதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். ஜூனில் முதல் மழை விழுந்த பிறகு அதைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார என்னால் முடிவதில்லை. எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடியும் எழுந்துவிடுவேன்.

அது அக்காவின் சைக்கிளில் இருந்தது. முட்டி தேய்ந்து அப்பாவால் பெடல் மிதிக்க முடியாமல் போனபோது, தாராவியில் அவர் செய்துவந்த இட்லி வியாபாரத்தை அக்கா சைக்கிளோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். பின்னால் கேரியரில் இட்லிக் குண்டான், ஹேண்டிலின் ஒரு பக்கம் சாம்பார்த் தூக்கு, மறுபக்கம் சட்னி வாளி, அமுக்கினால் அலறுகிற ரப்பர் ஹாரன். எங்கள் சந்தில் ஆண்கள்தான் இட்லி சைக்கிள் ஓட்டுவார்கள். "என்னட்டீ, காலையிலேயே மாப்பிள தேடக் கெளம்பிட்டியா?" என்று எதிர்வீட்டுச் சித்தி கேட்டால், "ஆமா சித்தி, கெடச்சா குண்டான்ல வச்சுக் கொண்டாரேன்" என்று சொல்லி ஹாரனை அடித்துக்கொண்டே போவாள். அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அப்போது டிப்ளமா கடைசி வருடம். மாத்திரை அட்டையிலிருந்து மின்சாரப் பெட்டிவரை எதுவானாலும் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாமல் போயிருந்தது.

மாதுங்காவில் ஒரு பெண்கள் விடுதிக்குத் தினமும் காலைப் பலகாரம் அக்காவிடமிருந்துதான் போனது. குண்டானில் பாதி அங்கேயே காலியாகிவிடும். அந்த விடுதியை நம்பித்தான் அவள் தைரியமாகச் சைக்கிளில் ஏறினாள் என்றும் சொல்லலாம். அந்த வருடம் மழை தொடங்கியதும் சிக்கல் வந்தது. பழைய மட்கார்டுகள் துருப்பிடித்துக் கடகடக்கின்றன என்று அப்பா எப்போதோ கழற்றி எறிந்திருந்தார். முன் சக்கரம் வாரியடித்த சேறு தூக்கிலும் வாளியிலும் அப்பியிருந்ததை விடுதி வார்டன் பார்த்துவிட்டார். "இதோ பாரும்மா, பாத்திரமெல்லாம் சேறு. பொண்கள் எப்படிச் சாப்பிடுவா? இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஏற்பாடு பண்ணிண்டுடுவேன்" என்றாராம். அன்று மாலையே அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் சாமான் கடைக்குப் போனாள்.

அவள் கை வைத்தது கறுப்பு இரும்பு மட்கார்டில். அகலமானது, கனமானது, பால்காரர்களின் சைக்கிளில் இருக்குமே, அது. எனக்குப் பிடிக்கவில்லை. போனில் படங்கள் பார்த்து ஒரு முடிவோடு போயிருந்தேன். சக்கரத்தை ஒட்டிப் படிந்திருக்கும் மெல்லிய அலுமினிய மட்கார்டுதான் வேண்டும் என்றேன். இடைவெளி குறையக் குறையச் சேறு வெளியே வர வழி இருக்காது என்று அவளுக்கு விளக்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாய், தோ உங்லி சோட்னா" என்று, இடைவெளி விடச் சொல்லி, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். நான் தலையாட்டினேன். அக்கா அவர் விரலையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "என் தம்பி படிச்சவன், அவனுக்குத் தெரியும்" என்று தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டாள்.

மாட்டியதும் நான்தான். தாங்கு கம்பிகளை அச்சு நட்டில் கோத்து, வளைவு டயரோடு ஒத்துப் போகிறதா என்று ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து மேலும் கீழும் அளந்தேன். எங்கும் ஒரே அளவு, அரை விரல்கூட இருக்காது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உரசாமல் ஓடியது. அவ்வளவு பொருத்தமாக அதற்குமுன் நான் எதையும் செய்ததில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடி, "கொஞ்சம் தூக்கி வையேம்ல" என்றார். பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்த அவசரம் வேறு. "நீங்க சும்மா இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெருமழை. அக்கா விடுதிக்குப் போகும் வழி கும்பார்வாடாவுக்குள் போகிறது. அங்கே பானை செய்யக் கொட்டிய களிமண் மழையில் கரைந்து சந்து முழுக்கப் பரவிக் கிடக்கும். சாதாரணச் சேறு தெறிக்கும், விழும். களிமண் ஒட்டும். டயர் வாரி எடுத்த மண் வெளியே வர வழியில்லாமல் மட்கார்டுக்குள்ளேயே அடைந்து, நான் மிச்சம் வைத்த அந்த இடைவெளியை நிரப்பி, சக்கரத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. அக்கா சைக்கிளோடு சாய்ந்தாள். சாம்பார் முழுவதும் தரையில். கரண்டிக் காம்பால் நெம்பி, கம்பியை முறுக்கி, மட்கார்டைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் மட்கார்டை நீட்டினாள். முழங்கை சிராய்ந்திருந்தது. "ஏல, உன் படிப்புல களிமண்ணே வராதா?" என்று கேட்டுச் சிரித்தாள். விடுதி என்னாச்சு என்றேன். "அதெல்லாம் குடுத்தாச்சு. நீ போய்ப் படி." நானும் படித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து சந்து முனையில் அவள் சைக்கிள் மாதுங்கா பக்கம் திரும்பவில்லை. சயான் பக்கமாகத் திரும்பியது. கேட்டதற்கு, சுனாபட்டியில் புதிதாக நிறையப் பேர் கேட்கிறார்கள், விடுதிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன் என்றாள். வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் நான். அது சுற்று வழிகூட இல்லை, வேறு வழி என்று எனக்குத் தெரியாமல் போகுமா? தெரியாத மாதிரி இருப்பது அந்த வாரம் எனக்கு வசதியாக இருந்தது.

போன தீபாவளிக்கு அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அன்று அக்கா போய்ச் சேர்ந்தபோது விடுதியில் பிரட் வாங்கிக் கொடுத்து முடித்திருந்தார்கள். சாம்பார் இல்லாமல், உடம்பெல்லாம் களிமண்ணோடு நின்றவளை வார்டன் உள்ளேயே விடவில்லை. அன்றோடு அந்த விடுதி கைவிட்டுப் போனது. பரீட்சை முடியும்வரை என் காதுக்குப் போகக் கூடாது என்று அக்கா வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பரீட்சை முடிந்த பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இப்போது அக்கா புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மட்கார்டு நீ வந்து மாட்டிக் குடு" என்றாள். கறுப்பு இரும்பு மட்கார்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். ஸ்கேல் இல்லை. "ஒன் வெரலக் குடுக்கா" என்று அவள் இரண்டு விரலைப் பிடித்து டயருக்கும் தகரத்துக்கும் நடுவே வைத்தேன். ஆவி பட்டுப் பட்டுத் தடித்த விரல்கள், என் விரலைவிடப் பருமன். அந்த அளவுக்கே நட்டை முறுக்கினேன். பிறகு கேட்டே விட்டேன்: "முக்குல மெக்கானிக் இருக்கானே. அன்னைக்கு நடந்ததுக்கப்புறமும் என்ன எதுக்குக்கா கூப்பிட்ட?"

விடுதி போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். விரலை உருவிக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"அவன் மாட்டிட்டு மறந்துருவாம்ல. நீ மறக்க மாட்ட."

அதைத் திட்டாகச் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன். இன்று காலையிலிருந்து மழை விடவில்லை. இந்நேரம் அவள் சயானைத் தாண்டியிருப்பாள். கதவுக்குப் பின்னால் அந்த அலுமினியம் ஆணியில் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தடவையாக எழுந்து போய், அதன் மடங்கலுக்குள் என் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். கரண்டிக் காம்பு நெம்பிய அந்த ஓர் இடத்தில் மட்டும் சரியான அளவு இருக்கிறது.