வாளி வெளியே வராத நாள்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே பதினெட்டு வருஷமாகத் தூண்டில் கம்பு விற்கிற மனிதரை எல்லோரும் வாளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பெயர் வந்த கதை சின்னதுதான். கம்பு வாங்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே காரியத்தைச் செய்வார்கள். கம்பைக் கையில் எடுத்துக் காற்றில் இரண்டு விசிறு விசிறுவார்கள். "நல்லா விறைப்பா இருக்கே!" என்பார்கள். வாளிக்காரருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காற்றா வந்து தூண்டிலைக் கடிக்கப் போகிறது? பேசாமல் உள்ளே போய் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வருவார். தூண்டில் நரம்பைக் கம்பின் வளையங்கள் வழியாக விட்டு, வாளியின் கைப்பிடியில் கட்டி, "இப்பத் தூக்குங்க" என்பார்.

அப்போது தெரிந்துவிடும் வண்டவாளம். நல்ல கம்பு நுனியிலிருந்து நடு வரைக்கும் வில்லாக வளைந்து பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். மட்டமான கம்பு வளைய மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். பாரம் முழுக்கப் பிடித்தவர் இடுப்பில் இறங்கும். நீளம் கூடக் கூட இன்னும் மோசம். படகில் நின்று பெரிய கடல் மீனோடு மல்லுக்கட்டக் குட்டையும் தடியுமான ஃபைபர் கிளாஸ் கம்பு போதும், விலையும் பாதிதான் என்று அவர் வாயால் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வாளி சொன்னால் நம்புவார்கள்.

கடையில் இப்படி மரியாதையோடு இருந்த மனிதர் மாமனார் வீட்டில் எப்படி இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய மாப்பிள்ளை என்ற பட்டம் அவருக்குத்தான். பட்டத்தோடு சரி. மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் நுழைந்த சகலைதான் நிஜத்தில் பெரிய மாப்பிள்ளை. சகலைக்கு டைல்ஸ் கடை, சொந்த வீடு, கார். ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் அவரைக் கேள், ஃப்ரிட்ஜ் மாற்றுவதானாலும் அவரைக் கேள். சமையலறைக் குழாய் ஒழுகியபோது, "வாஷர் போயிருக்கும் மாமா" என்று வாளிக்காரர் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. அடுத்த வாரம் சகலை வந்து அதையே சொன்னார். "பார்த்தியா, ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டார்!" என்று மாமனாருக்கு வாயெல்லாம் பல். வாளிக்காரர் அன்று இரண்டாவது தடவை சோறு கேட்காமல் எழுந்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சகலையால் அவரை நெருங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அலைதடுப்புப் பாறைகளில் நின்று பிடித்து வரும் மீன். மாமனார் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வந்திருக்கும் விருந்தாளி யாராக இருந்தாலும் அவரிடம், "எங்க வீட்டு மீன்காரர் இவர்தான். இவர் கை வேற யாருக்கும் வராது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் வாளிக்காரர் வாரம் முழுவதையும் ஓட்டினார். சிரிக்காதீர்கள். இதைவிட அற்பமான விஷயத்தை வைத்துக்கொண்டு ஆயுசையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் புதன்கிழமை, ஒரு கணக்கு வாத்தியாருக்கு வாளியைக் கட்டிக் காட்டி, அவர் திருப்தியாகக் கம்போடு கிளம்பிய பிறகு, வாளிக்காரர் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசலில் சகலை. எப்போது வந்தாரோ, சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க சகலை. என்ன, இந்தப் பக்கம்?"

"உங்ககிட்டதான் வந்தேன். எனக்கும் ஒரு கம்பு வேணும்."

"உங்களுக்கா?"

"ஆமா. டாக்டர் ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டார். உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. பெரிய மீன் பிடிக்கிற மாதிரி கெட்டியா இருக்கணும். புதுசாப் பழகுறேன், அதனால விலை அடக்கமா இருந்தாப் போதும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எது கொடுத்தாலும் சரி."

வாளிக்காரருக்கு வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல இருந்தது. வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, மாமனார் பக்கத்து நாற்காலி இருக்கிறது. மிச்சம் இருந்தது மீன் ஒன்று. அதற்கும் வந்துவிட்டான். மனசுக்குள் அவர் சகலையை எப்போதும் அவன், இவன் என்றுதான் சொல்வார்.

"ஞாயித்துக்கிழமைக்குப் படகு பேசிட்டேன்" என்றார் சகலை. "நீங்களும் வரணும். நீங்க இல்லாம நான் என்ன பண்ணப் போறேன்?"

கடையின் மூலையில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், சகலை கேட்டதே கேட்டபடி ஒரு கம்பு நின்றது. மங்கிய மஞ்சள் நிறம், ஐந்தரை அடி, கட்டைவிரல் தடிமன். பார்க்க லட்சணமே கிடையாது. ஆனால் ஆளைத் தூக்கிக் கடலில் போடுகிற மீன் வந்தாலும் அசராது. இரண்டு வந்ததில் ஒன்றைப் போன மாசம்தான் வாளிக்காரர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் கை தொழில் பழக்கத்தில் அந்த மூலைப் பக்கம் போய்விட்டது. பொய் சொல்லக் கூடாது, போகத்தான் செய்தது.

"மாமாகிட்டயும் சொல்லிட்டேன்" என்று சகலை சிரித்தார். "அப்ப இனிமே எங்க வீட்டுக்கு ரெண்டு மீன்காரர்னு ஒரே குஷி அவருக்கு."

கை பாதியில் நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே எட்டடி நீளத்தில், கறுப்பாகப் பளபளவென்று, தங்க எழுத்தெல்லாம் அச்சடித்து ஒரு கார்பன் கம்பு இருந்தது. பாறையில் நின்று தூர வீசுவதற்கென்று செய்த மலிவு ரகம். எங்கேயாவது இடித்தால் கீறல் விடும். ஆறு மாசமாக யாருக்கும் கொடுக்க மனசு வராமல் அவரே ஒதுக்கி வைத்திருந்தது.

சகலை அதை வாங்கி, எல்லோரையும் போலக் காற்றில் இரண்டு விசிறு விசிறினார். "நல்லா விறைப்பா இருக்கு, இல்ல?"

"ஆமா சகலை. உங்க உயரத்துக்கு எடுப்பா இருக்கு."

பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு அந்த வாயிலிருந்து வந்ததே இல்லை.

சகலை கம்பை மேலும் கீழும் பார்த்தார். தரையின் ஈரத்தைப் பார்த்தார். "வேற ஏதாவது பார்க்கணுமா? இப்படியே எடுத்துட்டுப் போகலாமா?"

"ஒண்ணும் பார்க்க வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

நீல வாளி அவர் காலடியில்தான் இருந்தது, இன்னும் பாதித் தண்ணீரோடு.

சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "தங்கச்சி போன் பண்ணினா. அவருக்குக் கம்பு கொடுத்தீங்களாமே. நல்லதாப் பார்த்துக் கொடுத்தீங்களா?"

"கடையிலேயே பெரிசு கொடுத்தேன்."

"பெரிசான்னு நான் கேக்கல."

கிளினிக்கில் நாள் முழுக்க டோக்கன் கொடுக்கிறவள். முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன என்று சொல்லிவிடுவாள். வாளிக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறத் தொடங்கியபோது படகு கரையை விட்டு வெகுதூரம் வந்திருந்தது. பின்பக்கத்தில் கம்பு செருகும் இரண்டு குழாய்களில் மஞ்சள் குட்டையும் கறுப்பு நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வழியெல்லாம் வாளிக்காரர் மனசுக்குள் ஒரே படம்தான் ஓடியது. கறுப்புக் கம்பில் பெரிய மீன் மாட்டும். சகலை கால் மணி நேரம் இழுப்பார். இடுப்பு விட்டுப்போகும். "ஐயோ, நம்மளால ஆகாது சாமி" என்று உட்கார்ந்துவிடுவார். அதோடு மீன் ஆசை ஒழிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, நாலு நாள் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது.

படகுக்காரர் இரண்டு தீக்குச்சிகளை நீட்டினார். ஒன்று முழுசு, ஒன்று பாதி. "என் படகுல ஒரே சட்டம்தான். முழுக்குச்சி எடுத்தவருக்கு முதல் மீன். அது எந்தக் கம்புல கடிச்சாலும் அவர்தான் இழுக்கணும். இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. கை வச்சா அது ரெண்டு பேர் மீனும் இல்ல."

முழுக்குச்சி வாளிக்காரருக்கு வந்தது. அதற்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்த மனிதரை என்ன செய்வது!

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கறுப்புக் கம்பின் ரீல் வீலென்று அலறியது. நரம்பு கடலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"சூரை மீன்! பெருசு!" என்று கத்தினார் படகுக்காரர். "முழுக்குச்சி யாரு? ஓடுங்க, ஓடுங்க!"

வாளிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மஞ்சள் கம்பு ஒரு முழம் தள்ளி சும்மா நின்றுகொண்டிருந்தது. வேறு வழி? இடுப்புப் பட்டையில் கறுப்புக் கம்பின் அடியைச் செருகி நின்றார். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, தான் என்ன பொருளை விற்றிருக்கிறோம் என்று. மீன் நேர் கீழே ஆழத்துக்குப் போனது. எட்டடிக் கம்பு துளிகூட வளைந்து கொடுக்காமல் மீனின் பாரத்தை அப்படியே கொண்டுவந்து அவர் முதுகில் இறக்கியது. இரண்டு சுற்று நரம்பை உள்ளே வாங்கினால் மீன் ஐந்து சுற்று வெளியே வாங்கியது. இருபது நிமிஷத்தில் தோள் மரத்துப்போனது. நாற்பது நிமிஷத்தில் கால் தந்தியடித்தது.

சகலை அவர் பின்னால் நின்றார். கம்பில் கை வைக்காமல், அவர் இடுப்புப் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார். தலையில் தண்ணீர் ஊற்றினார். கண்ணில் வழிந்த வேர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "விடாதீங்க சகலை. உங்களால முடியும். உங்களை விட்டா இதை யார் தூக்குவாங்க?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் வாளிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு திட்டுத் திட்டித் தொலைத்திருக்கலாமே பாவி!

ஒருவழியாகத் தண்ணீருக்குள் வெள்ளியாக ஒரு பெரிய பக்கம் புரண்டு தெரிந்தது. அவ்வளவு பெரிய மீனை அவர் கனவில்தான் இழுத்திருக்கிறார். படகைப் பார்த்து மிரண்ட மீன் சட்டென்று படகுக்கு அடியில் பாய்ந்தது. குட்டைக் கம்பாக இருந்தால் நுனியைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்திருக்கலாம். எட்டடி எங்கே சுற்றும்? கம்பு படகின் விளிம்பில் ஓங்கி இடித்தது. பட்டென்று ஒரு சத்தம். முறிந்த முனையில் நரம்பும் அறுந்தது. வாளிக்காரர் கையில் மூன்றடிக் கறுப்புக் கட்டை மிஞ்சியது. அதில் தங்க எழுத்து மட்டும் அப்படியே மின்னியது.

படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். இருவரும் பலகையில் உட்கார்ந்தார்கள். சகலை மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு உங்க கடைக்கு வந்தப்ப, ஒரு வாத்தியாருக்கு வாளியில தண்ணி கட்டித் தூக்கிக் காமிச்சிட்டிருந்தீங்க. வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். என்ன அழகாச் சொல்லிக்கொடுத்தீங்க அவருக்கு! எனக்கும் அந்த வாளியை எடுப்பீங்கன்னு நெனைச்சேன்."

வாளிக்காரர் கையிலிருந்த கறுப்புக் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டிருக்கலாமே சகலை."

"கேட்டா எடுத்திருப்பீங்க. அதனாலதான் கேக்கல."

படகுக்காரர் படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

மத்தியானம் மாமனார் வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். வெறுங்கையையும் முறிந்த கட்டையையும் பார்த்ததும் மாமனார், "என்ன ஆச்சு?" என்றார். வாளிக்காரர் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"பெரிய மீன் மாமா. நான்தான் சொதப்பிட்டேன். பிடிக்கத் தெரியாமப் பிடிச்சுக் கம்பைப் படகுல இடிச்சிட்டேன்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்குத்தான் சொல்றது. எங்க வீட்டு மீன்காரர் பெரிய மாப்பிள்ளைதான். அவர் கை வேற யாருக்கும் வராது."

அதே வாக்கியம். அட்சரம் பிசகாமல் அதே வாக்கியம். வாளிக்காரருக்குக் காது மடல் வரை சுட்டது. வெட்கம் பாதி, பொறாமை பாதி. வீட்டில் முந்தினான், காரில் முந்தினான், இப்போது நல்லவனாக இருப்பதிலும் முந்திவிட்டான்! மனைவி கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாளிக்காரர் விறுவிறுவென்று குளியலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறையத் தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து கூடத்து நடுவில் வைத்தார். அவருக்குத்தான் முதுகு விட்டுப்போயிருந்ததே அப்போது. வாசலில் சாத்தியிருந்த தன் மஞ்சள் கம்பை எடுத்து, நரம்பை வாளியின் கைப்பிடியில் கட்டினார்.

"நான்தான் ஒடிச்சேன் மாமா" என்றார். "அவர் இல்ல. அது ஒடியும்னு தெரிஞ்சேதான் அவருக்கு வித்தேன்."

மாமனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. வாளிக்காரர் கம்பை சகலையிடம் நீட்டினார்.

"தூக்குங்க சகலை. இது உங்களுக்கு."

சகலை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பை வாங்கினார். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகை நேராக வைத்து, நிதானமாகத் தூக்கினார். கம்பு வில்லாக வளைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் சிந்தவில்லை.

இதைக் கற்றுக்கொள்ள வாளிக்காரருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாவி மனுஷன், முதல் தடவையிலேயே சரியாகத் தூக்குகிறான். அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.