கதவுக்கு வெளியே ஏழாவது ஆள்

என் சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஃப்ரீமேசன் என்கிற பழைய சகோதரத்துவச் சபையில் உறுப்பினர். அதில் முக்கால்வாசிக் காலத்தைக் கதவுக்கு வெளியேதான் கழித்தார். உள்ளே கூட்டம் நடக்கும்போது ஒருவர் உருவிய வாளோடு வாசலில் காவல் இருக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். அந்த வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். "உள்ள அப்படி என்னதான் ரகசியம் பேசுறீங்க?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் துளைத்தெடுப்பார்கள். "எனக்கெப்படித் தெரியும்? கதவு சாத்தியிருந்துச்சே" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சித்திக்கு அந்த வாள் என்றாலே இளக்காரம். "வெங்காயம் நறுக்கச் சொன்னா விரலை நறுக்கிக்கிறவரு. இவரைப் போய்க் காவலுக்கு நிறுத்தியிருக்காங்களே, அவங்களைச் சொல்லணும்!"

சித்தப்பா லிப்ட் மெக்கானிக். சபை கூடுவதோ லிப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். சபைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஒருமுறை தீப்பிடித்து நாற்காலிகளெல்லாம் கரியாகிப்போயின. போர்க்காலத்தில் பட்டாளம் கட்டடத்தை எடுத்துக்கொண்டபோது, ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே கூடினார்கள். இதற்கெல்லாம் அசையாத சபையை வயது அசைத்துவிட்டது. பலர் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு இருக்க வெளியூர் போனார்கள். சித்தப்பாவையும் சேர்த்து மிஞ்சியது ஏழு பேர். ஏழுக்கு ஓர் ஆள் குறைந்தாலும் சபையைத் திறக்க முடியாது. ஒரு வருடம் திறக்காமல் கிடந்தால் மேலிடம் அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். படுத்தவர் படுத்தவர்தான். அந்த ஒரு வருடம் முடியப் போகிற சமயத்தில் பார்க்கப் போயிருந்தேன்.

"தீப்பிடிச்சப்பகூட மூடலைம்மா. என்னாலதான் மூடப் போறாங்க" என்றார்.

"புதுசா ஆள் சேர்த்தா என்ன சித்தப்பா?"

"மருந்துக்கடைக்காரரும் அவரு மச்சானும் சேரணும்னு காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. சபையைத் திறந்தாத்தானே சேர்க்க முடியும்?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுக்களையில் சித்தி போனை எடுத்தாள். சபைத் தலைவர் ஒரு பல் டாக்டர். "இவரு மாடியேற முடியாது. நீங்க இறங்கி வரலாமில்ல? எங்க வீட்டுலயே நடத்துங்க" என்றாள் அவரிடம்.

அவள் போனை வைத்ததும் கேட்டேன்: "நீங்களா சித்தி?"

"முதல் பிரசவத்துல எனக்கு ரத்தம் குடுத்த நாலு பேரும் அந்தச் சபைக்காரங்கடி. யாரு என்னன்னுகூடச் சொல்லாமப் போயிட்டாங்க. உங்க சித்தப்பா தேடிப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தாரு. நான் கிண்டல் பண்ணுவேன், அது வேற."

என்னைத் தூக்கி வளர்த்த சித்தியை எனக்கு விட்டுவைத்தவர்கள் அவர்கள். இத்தனை நாளும் அது தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. ஹாலில் இருந்த சோபாவையும் டிவியையும் வெளியே தள்ளினோம். சக்கரம் வைத்த கட்டிலை ஹால் கதவுக்கு வெளியே நடையில் நிறுத்தி, சித்தப்பா கையில் வாளைக் கொடுத்தார்கள். ஆறு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சேர வந்த இருவரும் முன்னறையில் காத்திருந்தார்கள். நானும் சித்தியும் அடுக்களையில்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. வெளியே இருப்பவர் வாளின் பிடியால் பதிலுக்குத் தட்டினால்தான் சபை திறக்கும். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சித்தப்பா கையை நீட்டுகிறார், நீட்டுகிறார், கதவு எட்டவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"நான் தட்டட்டுமா?" என்றேன்.

"கூடாதும்மா. உறுப்பினர்தான் தட்டணும்."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "தட்டுறதுதானே உங்க வேலை? தள்ளுறது என் வேலை" என்று கட்டிலைக் கதவோடு ஒட்டித் தள்ளினாள்.

சித்தப்பா தட்டினார். உள்ளே தலைவர் சபை திறந்தது என்று அறிவித்தார்.

சற்று நேரத்தில் காத்திருந்த இருவரும் அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மறுபடி மூடியது.

"ஒன்பது பேர் ஆச்சு. இனிமே நான் போனாலும் திறக்கலாம்" என்றார் சித்தப்பா, சித்தியைப் பார்த்து.

அவள் குனிந்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "எங்கயும் போக வேணாம். கூட்டம் இன்னும் முடியலை."