கேம் பெட்டிக்குள் ஸ்டேஷன் அக்கா

என் மனைவிக்கு ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியாது. வாயைத்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என் அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "ஏண்டா, உன் பொண்டாட்டி என் வாயையே பாக்கிறாளே, பல்லுல ஏதாவது ஒட்டிட்டிருக்கா?" என்று கேட்டாள். "அவ தொழில் அப்படிக்கா" என்றேன். அக்கா நம்பவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள்.

தொழில் அப்படித்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ அடிபட்டோ பேச்சை இழந்தவர்களை மறுபடி பேசப் பழக்குவது இவள் வேலை. உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தட்டுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டில் இவள் பேச ஆரம்பித்தால் இடையில் ஒரு "ம்" போடக்கூட எனக்கு வாய்ப்பு கிடைக்காது. வேலையில் உட்கார்ந்துவிட்டால் அப்படியே வேறு ஆள். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். அந்தப் பொறுமையில் கால்வாசியை எனக்கும் ஒதுக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "நீங்க நல்லாத்தானே பேசுறீங்க, உங்களுக்கு எதுக்கு?" என்பாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஒரு சுகம் வேண்டாமா? எனக்கு அது கையில் பிடித்து விளையாடும் கேமிங் கன்சோல். வீட்டில் அதற்குப் பெயர் கேம் பெட்டி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கும் கொஞ்சம் பெரிய திரை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கட்டைவிரலுக்கு ஒவ்வொரு குமிழ். நாற்பதைத் தாண்டியவன் இதை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் மாமனார் போனில் மகளிடம் நலம் விசாரித்துவிட்டு, "மாப்பிள்ளை விளையாடிட்டிருக்காரா? சரி, தொந்தரவு பண்ணாதே" என்பார். நக்கல்தான். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

தூரத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு இனி வீடியோ அழைப்பில் பயிற்சி என்று இவளுடைய மையம் முடிவெடுத்ததும்தான் என் பெட்டிக்குச் சனி பிடித்தது. எங்கள் வீட்டில் இவள் உட்காரக் கிடைத்த இடம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரோடு மடக்கும் ஒரு பலகை. லேப்டாப் வைத்தால் டீ கிளாஸ் வைக்க இடமிருக்காது. பூனை, கதவு, சீப்பு என்று படங்களை லேப்டாப்பில் பெரிதாகக் காட்டுவாள். காட்டினால் நோயாளியின் முகம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். உதடு எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். இன்னொரு மானிட்டர் வைக்கலாம் என்றால் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். நம் வாய் சும்மா இருக்குமா? "இந்தப் பெட்டியையே ஸ்க்ரீனா மாத்திடலாம், தெரியுமா?" என்று பெருமையடித்தேன். லேப்டாப்பில் ஒரு ஆப், பெட்டியில் ஒரு ஆப், நடுவில் வீட்டு வைஃபை. வயரே வேண்டாம். முகத்தை மட்டும் இழுத்து இந்தப் பக்கம் தள்ளினேன். பெட்டித் திரை முழுக்க ஒரு முகம். இவள் கைப்பிடிகளைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஐயோ, நாக்கு நுனிகூடத் தெரியுதுங்க" என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கேமுக்குள் நான் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தில் பாலம் பாதியில் நின்றது. கப்பல்கள் இன்னும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

அந்தத் திரையில் வந்து போன முகங்களில் இவள் மனசில் குடியேறியது ஸ்டேஷன் அக்காவின் முகம்தான். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே வழி சொன்ன குரல். பக்கவாதம் வந்து, கை கால் தேறி, பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சம்: "சரி சரி." தாகம் என்றாலும் "சரி சரி", கோபம் என்றாலும் "சரி சரி". குரல் மட்டும் பழைய குரலேதான், மணி அடித்த மாதிரி. அதைக் கேட்கக் கேட்க இவளுக்கு மனசு ஆறவில்லை.

பக்கத்திலேயே அக்காவின் கணவர் உட்கார்ந்திருப்பார். தையல்காரர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். நல்ல மனிதர், ஆனால் வாய் நிற்காது. அக்கா "சரி சரி" என்று முடிப்பதற்குள் "தண்ணியா? ஜன்னலைச் சாத்தணுமா? தலைகாணியா?" என்று அவரே அடுக்கிவிடுவார். ஒருநாள் இவளுடைய கட்டைவிரல் பெட்டியின் குமிழில் பட்டுவிட, அது லேப்டாப்பையும் ஆட்டும் என்பதால், பூனை, கதவு, சீப்பு எல்லாம் திரையில் குடுகுடுவென்று ஓடின. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அதற்கும் தையல்காரர், "சிரிக்கிறா, சிரிக்கிறா" என்று இவளுக்கு விளக்கம் சொன்னார்.

மையத்தில் ஒரு விதி. குறிப்பிட்ட தவணைக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்காவின் தவணை முடிய இருந்தது. இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கையை விட்டுட்டோம்னா அவங்க ஆயுசுக்கும் அந்த ஒரு வார்த்தையோடதான் இருப்பாங்க" என்று புலம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. அக்கா "சரி சரி" என்றார். இவள் பெட்டியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அந்த அமைதியில் அக்காவின் உதடுகள் அசைந்தன. மறுபடி கேட்டாள். மறுபடியும் சொல் முடிந்த பிறகு உதடு அசைந்தது. இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணா, சத்தமில்லாம வேற ஏதோ சொல்லப் பாக்கிறாங்க! இனிமே அவங்க 'சரி சரி'ன்னதும் நீங்க எதுவும் பேசாதீங்க. அவங்க உதட்டையே பாத்துட்டு இருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"நெசமாவாம்மா?" என்றார் தையல்காரர். நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அறிக்கையில் இவள் அதை எழுதினாள். மையம் அக்காவுக்கு இன்னொரு தவணை கொடுத்தது. அன்றைக்கு எனக்கு ராஜ உபசாரம். கேட்காமலே டீ வந்தது.

எனக்கு ஏன் அடுத்து வந்த விடுமுறை நாளில் தாகமெடுக்க வேண்டும்? தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றேன். லேப்டாப் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. இவள் கையிலிருந்த பெட்டியில், குரல் அடங்கிய பிறகு, உதடுகள் அசைந்தன. எனக்குச் சொரேலென்றது. இந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்துகிறவன் நான். கேமில் பட்டனை இப்போது அமுக்கினால் ஆள் அப்புறம்தான் குதிப்பான். வைஃபை இழுத்தால் அப்படித்தான்.

இவள் குளிக்கப் போனபோது என் போனிலிருந்து லேப்டாப்புக்கு அழைத்தேன். என் முகத்தைப் பெட்டிக்குத் தள்ளிவிட்டுக் கையைத் தட்டினேன். லேப்டாப்பில் சத்தம் வந்தது. ஒரு மூச்சு விட்ட பிறகு பெட்டிக்குள் என் கைகள் ஒன்றோடொன்று மோதின. மற்ற நோயாளிகள் தொடர்ந்து பேசுகிறவர்கள், உதடு பின்தங்கினால் நெட் இழுக்கிறது என்று இவள் விட்டிருப்பாள். அக்காவுக்குத்தான் ஒரு சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையில் "சரி சரி"யின் உதடுகள்தான் தாமதமாக வந்து அசைந்திருக்கின்றன. இவளோ அதை வேறொரு சொல் என்று நம்பி அறிக்கையே எழுதிவிட்டாள்.

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தேன். ஆனால் வாயைப் பார்த்தே பிழைக்கிறவளிடம் எதை மறைப்பது? துணி மடித்துக்கொண்டிருந்தவள், "என்ன, வாய்க்குள்ளயே எதையோ வெச்சுட்டுச் சுத்துறீங்க? துப்புங்க" என்றாள். துப்பிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னைப் படுக்கையறைக்குப் போய் அங்கிருந்து போனில் அழைக்கச் சொன்னாள். "சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"சரி சரின்னு சொல்லுங்க."

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "மறுபடி" என்றாள். சொன்னேன். "மறுபடி." சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தப் பக்கமிருந்து பேச்சே வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எம் பெட்டிமேலதான் தப்பு. நான் வயர் போட்டுக் குடுத்திருக்கணும்" என்றேன்.

"பெட்டியா ரிப்போர்ட் எழுதுச்சு?" என்றாள். "எனக்கு என்ன தெரியணும்னு ஆசைப்பட்டேனோ அதைப் பாத்திருக்கேன்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் உளறினேன். "இப்ப யாருக்கு என்ன நஷ்டம்? அவங்களுக்கு இடம் கிடைச்சாச்சு. அப்படியே விட்டுடேன்."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அந்த மனுஷன் தைக்கிறதை விட்டுட்டுத் தினமும் அந்த உதட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பாருங்க. இல்லாத ஒண்ணுக்காக. நான்தான் உக்கார வெச்சேன். முதல்ல அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். அப்புறம் மையத்துல சொல்றேன். இடத்தைப் பிடுங்கினா..." பாதியில் விட்டு எழுந்துபோய், மடித்து வைத்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வகுப்பு சாயங்காலம். வேலையிலிருந்து வந்த நான் சட்டையைக்கூட மாற்றவில்லை. "நீங்களும் கூட நில்லுங்க. தனியா சொல்ல எனக்குத் தைரியமில்லை" என்றாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அன்று படங்கள் இல்லை, கேம் பெட்டியும் இல்லை. லேப்டாப் திரையில் அக்காவும் அவரும் முழுசாகத் தெரிந்தார்கள்.

இவள் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். குரல் முதலில் வந்ததையும், படம் பிந்தி வந்ததையும், அந்த உதட்டசைவு புதுச் சொல் இல்லை என்பதையும். "உங்களுக்கு வீணா ஆசை காட்டிட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணா."

தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"அப்போ நான் கேட்டதும் பொய்யாம்மா?" என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"முந்தாநாள் தைச்சுட்டிருந்தேன். இவ 'சரி சரி'ன்னா. நீங்க சொன்ன மாதிரியே மிஷினை நிறுத்திட்டு, ஒண்ணும் பேசாம, அவ வாயையே பாத்துட்டு உக்காந்தேன். ரொம்ப நேரம்மா. ஒரு கட்டத்துல அவளுக்கே பொறுக்கலை போல. 'என்ன பாக்கிற?'ன்னு கேட்டா."

இவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். "வார்த்தையாவா? சத்தமாவா?"

"சத்தமாத்தான். இல்ல, எனக்கு அப்படித்தான் கேட்டுது. அப்புறம் வரவே இல்லை. நானா ஆசையில கேட்டுக்கிட்டேனோன்னு உங்ககிட்டக்கூட சொல்லலை. இப்ப நீங்க இப்படிச் சொல்றீங்க. அப்போ நானும்..." என்று நிறுத்திவிட்டார்.

"அக்கா" என்றாள் இவள் மெல்ல. "அண்ணா சொல்றது நெசமா?"

"சரி சரி" என்றார் அக்கா.

தையல்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்க அவருக்கு எவ்வளவு துடித்திருக்கும்! கொடுக்கவில்லை. நான் ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். இவள் மட்டும் பலகைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள். இவளுக்குக் கைவந்த கலை அது.

அக்காவின் பார்வை இவள் முகத்திலிருந்து நகர்ந்து மேலே வந்தது. நாற்காலிக்குப் பின்னால், கிரீஸ் சட்டையோடு, பரட்டைத் தலையோடு நிற்கும் என்மேல் நின்றது. புருவம் சுருங்கியது. உதடு குவிந்தது. குவிந்த உதடும் குரலும் ஒன்றாகவே வந்தன.

"யாரு?"

என் தோளில் யாரோ அடித்ததுபோல் இருந்தது. இவள் கையைப் பின்னால் நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர்க்கா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தையல்காரர் அக்காவைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார், திரைக்கு வெகு அருகில் வந்து.

"நீங்களும் கேட்டீங்கதானேம்மா?"

"கேட்டேன் அண்ணா."

"உங்க வீட்டுக்காரரும் கேட்டாரா?"

"நானும் கேட்டேன் அண்ணா" என்றேன். "நல்லாவே கேட்டுது."